புறப்பாட்டுக்கு எடுத்துப் போகும் பை

என் பையில் இருக்கும் ஒவ்வொரு கருவியையும் தேர்ந்தெடுத்துக் கொடுத்தது தவில்தான். கும்பகோணம் பக்கம் எங்கள் ஊர்க் கோயிலிலும் சுற்றுப்பட்டு ஊர்களிலும் சாமி புறப்பாட்டின்போது வாசிக்கும் நாகஸ்வரத்தையும் தவிலையும் ஒலிப்பதிவு செய்வது எனக்குப் பல வருடப் பழக்கம். பிழைப்பு சென்னையில், ஓர் அலுவலகத்தில் கணக்கு எழுதும் வேலை. உற்சவம் வந்தால் லீவு போட்டுவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு ரயில் ஏறிவிடுவேன். இதில் ஒரு பைசா வருமானம் கிடையாது, எதிர்பார்ப்பதும் இல்லை.

என்ன மைக் வாங்கலாம், எந்த ஹெட்ஃபோன் நல்லது, எந்த மெமரி கார்டு போடுவது என்று நண்பர்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். நான் திருப்பிக் கேட்பது மூன்றுதான். எந்தச் சத்தத்தைப் பிடிக்கப் போகிறீர்கள்? அதற்கு எவ்வளவு பக்கத்தில் நிற்க விடுவார்கள்? அங்கே கரண்ட் இருக்குமா? இதற்குப் பதில் தெரிந்துவிட்டால் கடைக்காரர் அடுக்கி வைக்கும் பெட்டிகளில் பாதிக்கு மேல் தானாகவே கழிந்துவிடும். பதில் தெரியாமல் விலையை மட்டும் வைத்து வாங்கினால் எவ்வளவு கொட்டினாலும் ஒலி வராது.

என்னுடைய பதில்கள் இவை. ராத்திரி பத்து மணிக்கு மேல் கோபுர வாசலில் மல்லாரியோடு (சாமி புறப்படும்போது வாசிக்கும் உருப்படி) புறப்பாடு தொடங்கும். இரண்டு நாகஸ்வரம், இரண்டு தவில், தாளம். சுருதிக்கு ஊதும் ஒத்துக்குப் பதிலாக இப்போது பெரும்பாலும் எலக்ட்ரானிக் சுருதிப் பெட்டி. எல்லாரும் நடந்துகொண்டே வாசிப்பார்கள். பின்னால் சாமி, அதற்கும் பின்னால் தள்ளுவண்டியில் ஜெனரேட்டர். நடுநடுவே வெடி வேறு. இந்த இடத்தில் ஸ்டாண்டு போட முடியாது, ஒயர் இழுக்க முடியாது, 'அண்ணே, இன்னொரு தடவை வாசிங்க' என்று கேட்கவும் முடியாது. இணையத்தில் வரும் மைக் விமர்சனங்கள் முக்கால்வாசி கதவைச் சாத்திய அறையில் ஒருவர் பேசிப் பதிவு செய்தவை. அந்த அறைக்கு அவை சரி. சன்னதித் தெருவுக்கு வேறு கணக்கு.

முதலில் சத்தத்தின் அளவு. பக்கத்தில் நின்று கேட்டவர்களுக்குத் தெரியும், தவில் ஒரு வாத்தியம் இல்லை, இரண்டு. வலது பக்கமான வலந்தலையில் விரல்களில் மாட்டிய கூடு தோலில் படும்போது வருவது ஊசி மாதிரிக் கூர்மையான சத்தம். இடது பக்கமான தொப்பியில் கழி (குச்சி) விழும்போது வருவது நெஞ்சில் வந்து மோதுகிற சத்தம். கையடக்க ரெக்கார்டர்கள் பலவற்றில் கூடவே இருக்கும் மைக்குகள் 120 டெசிபல் வரை தாங்கும் என்று விவரக்குறிப்பில் போட்டிருப்பார்கள். தவிலுக்குக் கை நீட்டும் தூரத்தில் நின்றால் அந்த எல்லை ரொம்பப் பக்கத்தில் இருக்கிறது. எல்லையைத் தாண்டினால் அலையின் தலை வெட்டுப்பட்டு, பதிவில் 'படார்' என்ற கிழிசல் மட்டும்தான் மிஞ்சும். அப்புறம் எந்த மென்பொருளாலும் அதைத் தைக்க முடியாது.

இங்கே 32-பிட் ஃப்ளோட் என்ற பதிவு முறை பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் விளம்பரங்களில் இதைச் சர்வரோக நிவாரணி போலச் சொல்கிறார்கள். சிடியில் இருப்பது 16 பிட், அதன் வீச்சு (மிக மெல்லிய சத்தத்துக்கும் மிக உரத்த சத்தத்துக்கும் உள்ள இடைவெளி) ஏறத்தாழ 96 டெசிபல். 24 பிட்டுக்கு ஏட்டளவில் 144. 32-பிட் ஃப்ளோட்டின் வீச்சு ஆயிரத்துக்கும் மேல் போகிறது. அதாவது கெயின் (மைக்கிலிருந்து வரும் ஒலியைப் பெருக்கும் அளவு) எவ்வளவு வைப்பது என்ற கவலையே இல்லை. பதிவு திரையில் எல்லை தாண்டித் தெரிந்தாலும் வீட்டுக்கு வந்து இறக்கிக்கொள்ளலாம். நடந்துகொண்டே பதிவு செய்கிறவனுக்கு இது பெரிய வரம். ஆலாபனையின்போது ஒற்றை நாகஸ்வரம் மெல்ல இழையும், அடுத்த நிமிஷம் இரண்டு தவிலும் சேர்ந்து தீர்மானம், அதாவது முடிப்பு, வைக்கும். முன்பெல்லாம் கை கெயின் சக்கரத்திலேயே இருக்கும், காது வாசிப்பில் இருக்காது. ஆனால் ஒன்று. ஃப்ளோட் காப்பாற்றுவது மைக்குக்குப் பிறகு வருகிற எண்ணிக்கையை மட்டும்தான். மைக்கின் சவ்வே திணறிப்போனால் அந்தத் திணறலைத்தான் அது 32 பிட்டில் துல்லியமாக எழுதி வைக்கும். அதனால் மைக் எவ்வளவு தாங்கும் என்பதை முதலில் பாருங்கள், பிட் கணக்கை இரண்டாவதாகப் பாருங்கள்.

என் தேர்வு ஷூர் எஸ்எம்57, ஒரு ஜோடி. 1965-இல் வந்த டைனமிக் மைக், இன்றும் அதே உருவத்தில் கிடைக்கிறது. மேடைகளில் டிரம்ஸுக்கும் கிட்டார் ஆம்ப்ளிஃபயருக்கும் முன்னால் நிறுத்துவது இதைத்தான், ஆகவே தவிலுக்கு அசரும் என்ற பயம் இல்லை. ரெக்கார்டர் மைக்குக்குத் தரும் 48 வோல்ட் ஃபேண்டம் பவர் தேவையில்லை என்பதால் பேட்டரியும் அதிக நேரம் நிற்கிறது. டைனமிக் மைக்குக்கு உணர்திறன் குறைவு, மெல்லிய சத்தத்துக்கு நிறைய கெயின் கேட்கும் என்பார்கள். உண்மைதான். வீணையைப் பதிவு செய்யப் போகிறவருக்கு இதை நான் சொல்ல மாட்டேன், அவருக்கு உணர்திறன் அதிகமான கண்டென்சர் மைக்தான் சரி. தெருவில் எனக்கு அந்தக் குறைவு தொந்தரவே இல்லை. முன்பக்கச் சத்தத்தையே அதிகம் பிடிக்கும் மைக், வாத்தியத்துக்குப் பக்கத்திலேயே பிடிக்கிறேன் என்பதால், தூரத்தில் ஓடும் ஜெனரேட்டரும் பக்கத்து வீட்டுத் திண்ணைப் பேச்சும் அவ்வளவாக உள்ளே வருவதில்லை.

இரண்டு மைக்கும் ஒரு ஜூம் எஃப்3 ரெக்கார்டருக்குள் போகின்றன. 2022-இல் வந்தது. கைக்குள் அடங்கும் பெட்டி, மைக் ஒயர் செருக இரண்டு எக்ஸ்எல்ஆர் துளை, கெயின் சக்கரமே கிடையாது. இதில் சொந்த மைக் இல்லை, அதனால் வெறும் ரெக்கார்டரை வாங்கிக்கொண்டு வந்து ஏமாறாதீர்கள். பேச்சையும் பாட்டையும் பிடிக்க நினைப்பவருக்கு, மைக்கோடு சேர்ந்து வரும் சின்ன ரெக்கார்டரே போதும். நான் சொல்வது சத்தமான வாத்தியத்துக்கான கணக்கு.

மைக்கை எங்கே காட்டுவது என்பது எந்த மைக் என்பதைவிட முக்கியம். நாகஸ்வரத்தின் அடியில் விரிந்திருக்கும் அணசுக்கு நேராக மைக்கை நீட்டுகிறவர்களைப் பல இடங்களில் பார்க்கிறேன். சத்தம் முழுக்க அந்த வாயிலிருந்துதான் வருகிறது என்ற நினைப்பு. குழல் வாத்தியங்களில் ஸ்வரத்தின் பெரும்பங்கு திறந்திருக்கும் விரல் துளைகள் வழியாகவும் வெளியே வருகிறது. அணசுக்கு நேரே நீட்டினால் சில ஸ்வரங்கள் பாய்ந்து வரும், சில ஸ்வரங்கள் பின்தங்கும், ஸ்வரங்களை இழைக்கும் கமகம் உடைந்து கேட்கும். வித்வானின் முன்னால், சற்றுப் பக்கவாட்டில், குழலின் நடுப்பகுதியைப் பார்த்தபடி ஒரு மைக். தவிலின் வலந்தலையை நேராகப் பார்க்காமல் முன்பக்கமாகச் சாய்த்து இன்னொன்று. திறந்த வெளியில் தூரம் இரண்டு மடங்கானால் 6 டெசிபல் குறையும். இரண்டு அடி பின்னால் நகர்வது என்பது ஒரு பைசா செலவில்லாத கருவி. இரண்டு மைக்கையும் ஒரே குச்சியில் ஒரு சின்னக் குறுக்குச் சட்டத்தில் மாட்டித் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு பின்னோக்கி நடப்பேன். கை வலிக்கும்தான். அலுமினியக் குச்சியைவிட கார்பன் ஃபைபர் குச்சிக்கு ஏன் அதிகம் கொடுக்கிறார்கள் என்று நாலாவது தெரு முனையில் புரியும்.

காற்று. இதைப் பற்றி யாரும் கேட்பதே இல்லை, ஆனால் வெளியிடத்தில் எடுத்த பதிவுகள் வீணாவதற்கு முதல் காரணம் இதுதான். மைக்கோடு வரும் ஸ்பாஞ்சு உறை வாய்க் காற்றுக்குத்தான் ஆகும். ஆற்றங்கரையோரத் தெருவில் திரும்பும்போது அடிக்கிற காற்றுக்கு நீண்ட முடி வைத்த ரோம உறை வேண்டும். முடிகள் காற்றின் வேகத்தை வெளியிலேயே கலைத்துவிடுகின்றன, சவ்வுக்கு வந்து சேர்வதற்குள் அது வெறும் மூச்சாகிவிடும். மைக்குக்கு ஆயிரக்கணக்கில் செலவழித்துவிட்டு இதை விட்டுவிடாதீர்கள். ரெக்கார்டரில் லோ-கட் (அடிச்சத்தத்தை வெட்டும்) வசதி இருந்தால் அதைப் போட்டுவிடலாமே என்பார்கள். நான் போடுவதில்லை. தொப்பியின் அடிநாதத்தில் எவ்வளவை வெட்டலாம் என்பது வீட்டில் நிதானமாகக் கேட்டுச் செய்ய வேண்டிய முடிவு.

ஹெட்ஃபோனுக்கு வருவோம். இதில் எனக்குக் குரு ஒரு நாகஸ்வர வித்வான். ஒரு திருவிழா ராத்திரி, பல்லக்கு இறக்கி வைத்திருந்த இடைவேளையில், அவருக்கு அப்போது எடுத்த பதிவைக் கேட்கக் கொடுத்தேன். முதலில் பாஸ் தூக்கலாக வரும் ஒரு இயர்ஃபோன், பஸ்ஸில் சினிமாப் பாட்டுக் கேட்க நான் வைத்திருப்பது. காதில் வைத்தவர் இரண்டு ஆவர்த்தனம் கேட்டார். "என்ன தம்பி, சீவாளியையே காணோமே? தொப்பிதான் தட்டிக்கிட்டே இருக்கு" என்றார். சீவாளி என்பது நாகஸ்வரத்தில் வாய் வைத்து ஊதும் நாணல் சீவல். அடுத்து என் சோனி எம்டிஆர்-7506-ஐ மாட்டினேன். கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "ஆங், இப்ப என் மூச்சு கேக்குது. மேல் ஷட்ஜத்துல சீவாளி கொஞ்சம் காஞ்சிருக்கு பாருங்க, நனைச்சிருக்கணும்" என்று சொல்லிவிட்டு வேறு சீவாளி மாற்றப் போய்விட்டார். நாணல் சீவலில் இருக்கும் ஈரம் வரைக்கும் காட்டுகிற கருவிதான் பதிவு செய்கிறவனுக்கு வேண்டியது.

7506 வந்தது 1991-இல். மூடிய வகை, 63 ஓம் (மின்தடை), சுருள் ஒயர், மடித்துப் பையில் போடலாம். அழகாகக் காட்டுவது அதன் வேலை இல்லை, உச்சஸ்தாயியைக் கொஞ்சம் தூக்கலாகவே காட்டும். அதனால்தான் சீவாளியின் பிசிறு, காற்றின் உரசல், ஒயரில் வரும் கரகரப்பு எல்லாம் அங்கேயே பிடிபடும். ஆனால் இரண்டு மணி நேரம் சுகமாகப் பாட்டுக் கேட்க இதை நான் யாருக்கும் சிபாரிசு செய்யமாட்டேன். கேட்டு ரசிக்க இன்னொன்று வேண்டும். ஷான் ஆலிவ் தலைமையில் ஹார்மன் நிறுவனம் நடத்திய ஆய்வுகளில், நல்ல அறையில் வைத்த நல்ல ஸ்பீக்கர் போன்ற ஒலியைத் தரும் ஹெட்ஃபோனைத்தான் பெரும்பாலோர் விரும்புகிறார்கள் என்று தெரியவந்தது. அதை ஒட்டி டியூன் செய்த சின்ன இயர்ஃபோன்கள் இப்போது இரண்டாயிரம் ரூபாய்க்குள்ளேயே கிடைக்கின்றன. பத்து வருடம் முன்னால் அந்த விலையில் இப்படி ஒரு ஒலி கனவு.

திறந்த வகை ஹெட்ஃபோன் வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு ஒரே கேள்வி: உங்கள் வீட்டில் ஃபேன் எத்தனையில் ஓடும்? சென்னையில் மே மாதம் ஐந்தில்தான் ஓடும். திறந்த வகையில் வெளிச்சத்தம் முழுக்க உள்ளே வரும். 300 ஓம் ஹெட்ஃபோன், அதற்கென்று ஒரு ஆம்ப்ளிஃபயர் என்று போட்டுவிட்டு ஃபேன் காற்றின் இரைச்சலோடு சேர்த்துக் கேட்பதில் என்ன பயன்? ஏசி அறையும் அமைதியும் இருக்கிறவர்கள் தாராளமாக வாங்கட்டும், அந்த விசாலம் வேறு எதிலும் வராது. என்னைப் போல முதல் மாடியில் ரோட்டைப் பார்த்த வீட்டில் இருப்பவர்களுக்கு மூடிய வகைதான். அதன் செயற்கைத் தோல் மெத்தை நம் ஊர் ஈரத்தில் சில வருடங்களில் பொரிந்து உதிரும். ஆகவே மெத்தை தனியாகக் கிடைக்கிற மாடலா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள். டிஜிட்டல் பாட்டை ஹெட்ஃபோனுக்கு ஒலியாக மாற்றித் தரும் டாக் என்ற பெட்டியைப் பற்றியும் நிறையக் கேட்கிறார்கள். 63 ஓம் வரைக்கும், யுஎஸ்பி-சியில் செருகுகிற சுண்டுவிரல் அளவு அடாப்டரே ஒழுங்காக ஓட்டுகிறது. மிச்சப் பணத்துக்கு ரோம உறை வாங்குங்கள்.

கேமராவில் நான் பெரிய ஆள் இல்லை, ஆனால் பதிவோடு வீடியோவும் வேண்டும். எந்த விரலில் அந்தக் கமகம் பிறக்கிறது என்று பிற்பாடு கற்றுக்கொள்கிற பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டாமா? பழைய நிக்கான் டிஎஸ்எல்ஆர் ஒன்று, அதில் 35 மிமீ எஃப்/1.8 லென்ஸ். எஃப் எண் சின்னதாக ஆக உள்ளே வரும் ஒளி கூடும். கேமராவோடு வரும் 18-55 லென்ஸை முழுக்க நீட்டினால் எஃப்/5.6. இரண்டுக்கும் நடுவே ஒளியில் ஏறத்தாழ பத்து மடங்கு வித்தியாசம். இரவில் தெருவில் எடுக்கிறவர்கள் புது கேமராவுக்குச் சேர்க்கும் பணத்தில் ஒரு பங்கை இப்படி ஜூம் இல்லாத ஒரு நிலைத்த லென்ஸில் போட்டாலே போதும்.

அப்புறம் பட்டைகள். புறப்பாட்டு வீடியோக்களில் கறுப்புப் பட்டைகள் மேலும் கீழும் ஊர்வதைப் பார்த்திருப்பீர்கள். கேமரா பழுது என்று நினைத்து வேறு வாங்கப் புறப்பட்ட ஒரு நண்பரை நான் நிறுத்தியிருக்கிறேன். நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், ஆகவே டியூப்லைட்டும் மலிவான எல்ஈடி விளக்கும் விநாடிக்கு 100 தடவை மினுங்கும். ஷட்டரை 1/50 அல்லது 1/100-இல் வைத்தால் ஒவ்வொரு படத்திலும் முழு மினுக்கங்கள் விழும், பட்டை மறையும். 1/60, 1/125 என்று வைத்தால் ஊரும். மெனுவில் வீடியோ முறை என்டிஎஸ்சி (NTSC) என்று இருந்தால் பால் (PAL) என்று மாற்றி, 25 ஃபிரேமில் எடுங்கள். ஜெனரேட்டர் திணறும்போது அதன் 50-உம் கொஞ்சம் தள்ளாடும், சப்பரத்தைச் சுற்றியிருக்கும் சீரியல் விளக்குக்கு வேறு தாளம். அவற்றை ஒன்றும் செய்ய முடியாது, விட்டுவிடலாம்.

லென்ஸின் முன்னால் பாதுகாப்புக்கென்று மாட்டும் கண்ணாடி ஃபில்டரை ராத்திரியில் கழற்றிவிடுவேன். டியூப்லைட்டின் பிம்பம் அதில் பட்டுத் திரும்பி, வித்வானின் நெற்றிக்கு மேல் ஒரு பச்சைக் கோடாக விழும். ஃபில்டருக்குப் பதில், லென்ஸின் முன்னால் குழாய் போல நிற்கும் ஹூட் மாட்டினால் இடிபடுவதிலிருந்தும் காக்கும், பக்கவாட்டு ஒளியையும் தடுக்கும். டிரைபாடைத் தெருவில் விரித்தால் சாமி தூக்கி வரும் பாதம்தாங்கிகள் தடுக்கி விழுவார்கள், ஒற்றைக்கால் மோனோபாடே மரியாதை. ஃபிளாஷ் கூடவே கூடாது. ராகத்தில் தானம் வாசித்துக்கொண்டிருக்கும் ஒருவரின் கண்ணில் வெளிச்சத்தை அடிப்பது எனக்கு அபசாரமாகத்தான் படுகிறது.

தனியாக எடுத்த ஒலியையும் வீடியோவையும் சேர்க்கக் கைதட்டி அடையாளம் வைப்பார்கள். எனக்கு அந்த வேலை இல்லை. தவிலில் விழும் முதல் 'தாம்' திரையில் தெரியும் ஒலி அலைப் படத்தில் கம்பம் நட்டது போல நிற்கும், கேமராவின் ஒலியிலும் அதே கம்பம் தெரியும், இரண்டையும் நேர் நிறுத்தினால் முடிந்தது. நீளமான பதிவில் கேமராவின் கடிகாரமும் ரெக்கார்டரின் கடிகாரமும் கொஞ்சம் கொஞ்சமாக விலகும். அதனால் கடைசித் தீர்மானத்திலும் ஒரு தடவை சரிபார்த்துக்கொள்ள வேண்டும்.

மெமரி கார்டில் எழுதியிருக்கும் எண்களைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். 48 கிலோஹெர்ட்ஸ், 32 பிட், ஸ்டீரியோ என்றால் விநாடிக்கு 384 கிலோபைட், ஒரு மணி நேரத்துக்கு 1.4 ஜிபிக்கும் கொஞ்சம் குறைவு. எந்த ஒழுங்கான கார்டும் தூங்கிக்கொண்டே எழுதும் வேகம் இது. வீடியோவுக்கு மட்டும் வி30 என்ற குறியைப் பாருங்கள். விநாடிக்கு 30 எம்பிக்குக் குறையாமல் எழுதுவேன் என்ற உறுதி அது. 100 மெகாபிட்டில் பதிவாகும் 4கே வீடியோவுக்கே 12.5 எம்பிதான் தேவை. வேகத்தைவிட அசலா என்பதுதான் கேள்வி. இணையத்தில் ஒரு விற்பனையாளரிடம் வாங்கிய 128 ஜிபி கார்டு ஒன்று, உள்ளே வெறும் 16 ஜிபிதான் வைத்திருந்தது. நிரம்பியதும் சத்தமில்லாமல் பழையதை அழித்துக்கொண்டு எழுதும் ரகம். வாங்கிய அன்றே எச்2டெஸ்ட்டபிள்யூ (h2testw) என்ற இலவச மென்பொருளில் போட்டு முழுக் கொள்ளளவையும் நிரப்பிப் படித்துப் பார்த்ததால் திருவிழாவுக்கு முன்பே தெரிந்தது. பணமும் திரும்பி வந்தது. லினக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு எஃப்3 என்ற மென்பொருள் இருக்கிறது (ரெக்கார்டரின் பெயரும் அதுவே, தற்செயல்). எந்தக் கார்டும் இந்தப் பரீட்சை எழுதாமல் என் பைக்குள் வராது.

ஒயர்களுக்கு ரிச்சி தெருதான். மவுண்ட் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பினால் போதும், சாலிடர் புகை வாசனையே வழி சொல்லும். அங்கே நான் வழக்கமாகப் போகும் கடையில் இருக்கும் தம்பி, யுஎஸ்பி-சி ஒயர் கேட்டால் முதலில், "சார், சார்ஜுக்கா, டேட்டாவுக்கா?" என்பார். இந்தக் கேள்வியைக் கேட்கிற கடையை விட்டுவிடாதீர்கள். ஒரே முனை, ஒரே தடிமன், ஆனால் ஒன்று விநாடிக்கு 480 மெகாபிட்டோடு நின்றுவிடும், இன்னொன்று 10 ஜிகாபிட் போகும். வெளியே பார்த்தால் வித்தியாசம் தெரியாது. நான் எஸ்எஸ்டியையும் லேப்டாப்பையும் எடுத்துக்கொண்டே போவேன். கடையிலேயே செருகி ஒரு பெரிய வீடியோ ஃபைலை நகல் எடுத்துப் பார்ப்பேன். விநாடிக்கு நாற்பது எம்பிக்குள் இழுத்துக்கொண்டு நின்றால் அது சார்ஜர் ஒயர். நானூறைத் தாண்டினால் சரியான ஒயர். அந்தத் தம்பியும் எட்டிப் பார்த்துவிட்டு, தேறியதில் எனக்கென்று ஒரு மஞ்சள் டேப் சுற்றிக் கொடுப்பார். எக்ஸ்எல்ஆர் ஒயரை அங்கேயே அளவு சொல்லிச் செய்து வாங்கலாம். எனக்கு ஒன்றரை அடி நீளம்தான் வேண்டும், பெட்டியில் வருவதெல்லாம் பத்தடி. முனையைக் கழற்றிச் சாலிடர் பளபளப்பாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, ஒயரை முனைக்குப் பக்கத்தில் மடக்கி ஆட்டியபடி ஹெட்ஃபோனில் கேளுங்கள். கரகர சத்தம் வந்தால் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

பேட்டரிக்கு எனலூப். சான்யோ 2005-இல் கொண்டுவந்த ரகம், சார்ஜ் ஏற்றி அலமாரியில் வைத்தால் மாதக்கணக்கில் இறங்காது. சாதாரண ரீசார்ஜ் பேட்டரி பெட்டிக்குள்ளேயே தீர்ந்துபோகும். எஃப்3-க்கு இரண்டு ஏஏ போதும். நீண்ட புறப்பாடு என்றால் ஒரு பவர் பேங்கை யுஎஸ்பியில் சேர்த்துவிடுவேன். கரண்ட் எங்கே கிடைக்கும் என்று தேடுகிற நேரத்தில் ஒரு கீர்த்தனை போய்விடும்.

வீட்டுக்கு வந்து லேப்டாப்பில் போட்டுக் கேட்டால் 'ம்ம்ம்' என்று ஒரு சுருதி, எந்த ராகத்துக்கும் சேராமல். ஸ்பீக்கரைக் குறை சொல்வதற்கு முன் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். சத்தம் நின்றுவிட்டால் குற்றவாளி எர்த். இரண்டு முள் சார்ஜரும், எர்த் இல்லாத மூன்று முள் பிளக்கும் உள்ள வீடுகளில் லேப்டாப்பின் உலோக உடம்பைத் தடவினாலே விரலில் மெல்லிய சுறுசுறுப்புத் தெரியும். அந்த 50 ஹெர்ட்ஸ்தான் ஒயர் வழியாக ஸ்பீக்கருக்கும் போகிறது. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த் சரிபார்ப்பதும், எல்லாவற்றையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பலகையில் போடுவதும் மலிவான வைத்தியம். அதற்குள் வேலை ஓட வேண்டுமென்றால் பேட்டரியில் ஓட்டிக்கொண்டு எடிட் செய்யலாம். ஆடியோ இன்டர்ஃபேஸ் (மைக்கை லேப்டாப்போடு இணைக்கும் பெட்டி) வைத்திருப்பவர்கள் அதை யுஎஸ்பி ஹப்பில் செருகாமல் நேராக லேப்டாப்பில் செருகுங்கள். ஹப்பில் எஸ்எஸ்டியோடு பங்கு போட்டால் ஒலி நடுவில் திக்கலாம்.

ஈரத்தைப் பற்றித் தனியாகவே எழுதலாம். சென்னையில் ஐப்பசி, கார்த்திகை மழையில் கேமராவைப் பைக்குள் போட்டு அலமாரியில் பூட்டி வைப்பது லென்ஸுக்குள் பூஞ்சைப் பண்ணை வைப்பதற்குச் சமம். டிரை கேபினட் நல்லதுதான், விலை அதிகம். பாத்திரக் கடையில் ரப்பர் விளிம்பு வைத்த காற்றுப் புகாத பெரிய டப்பா, அதில் ஒரு சின்ன ஈரமானி, ஆரஞ்சு நிற சிலிக்கா ஜெல் கால் கிலோ. இவ்வளவே போதும். முள் 40-க்கும் 50-க்கும் நடுவில் நிற்க வேண்டும். ரொம்பக் கீழே இறக்கினால் ரப்பரும் கிரீஸும் வறண்டுவிடும். நிறம் மாறியதும் ஜெல்லை மிதமான சூட்டில் வறுத்தால் மறுபடி வேலை செய்யும். நீல நிற ஜெல்லில் கோபால்ட் குளோரைடு இருக்கிறது, சமையல் பாத்திரத்தில் அதை வறுக்காதீர்கள். மைக்கையும் அதே டப்பாவில்தான் வைக்கிறேன்.

பழைய லென்ஸ் வாங்குகிறவர்கள் கடைக்கு ஒரு சின்ன டார்ச் கொண்டுபோங்கள். துவாரத்தை முழுக்கத் திறந்து, பின்பக்கத்திலிருந்து வெளிச்சத்தைச் சாய்வாகப் பாய்ச்சி முன்பக்கம் வழியாகப் பாருங்கள். தூசிப் புள்ளிகளைப் பொருட்படுத்த வேண்டாம், எல்லா லென்ஸிலும் இருக்கும். சிலந்தி நூல் போலக் கிளை விட்டு ஓடுவது தெரிந்தால் அது பூஞ்சை, விலை பாதியானாலும் வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

எல்லாம் முடிந்து பதிவு யாரிடம் போகிறது என்பதும் கருவித் தேர்வில் ஒரு பங்குதான். மூலக்கோப்புகள் என்னிடம் இரண்டு டிஸ்கில் இருக்கின்றன, மூன்றாவது நகல் ஊரில் அண்ணன் வீட்டில். ஆனால் வாசித்தவர்களுக்கு அது போய்ச் சேர வேண்டும். வாட்ஸப்பில் பாட்டாக அனுப்பினால் பாதி பேர் அதை இன்னொருவருக்கு அனுப்பிவிட்டு அழித்துவிடுகிறார்கள். அதனால் ஒவ்வொரு வித்வானுக்கும் ஒரு பென் டிரைவ். அதில் ராகம், கீர்த்தனை, தெரு, தேதி எல்லாம் தமிழிலேயே ஃபைல் பெயராக, 320 கிலோபிட் எம்பி3. கச்சேரிக்குப் போகும் வேனில் போட்டுக் கேட்கிறார்கள். தாங்கள் வாசித்ததைத் தாங்களே முழுசாகக் கேட்பது பலருக்கு அதுதான் முதல் தடவை. ஒரு தவில்காரர் அண்ணன், தன் சிஷ்யப் பையனை முன் சீட்டில் உட்கார வைத்து அந்தத் தீர்மானத்தைத் திரும்பத் திரும்பப் போட்டுக் காட்டியதாகச் சொன்னார். நீங்களும் இப்படிக் கொடுப்பதானால் பென் டிரைவை ஃபேட்32 (FAT32) என்ற முறையில் ஃபார்மேட் செய்து கொடுங்கள். வேன்களில் இருக்கும் பழைய பிளேயர்கள் பல எக்ஸ்ஃபேட் (exFAT) என்ற புது முறையைப் படிப்பதில்லை. தமிழ்ப் பெயர் சில பிளேயர்களில் கட்டம் கட்டமாகத் தெரியும், ஆகவே பெயருக்கு முன்னால் 01, 02 என்று எண் போட்டுவிட்டு, அதே வரிசையை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி டிரைவோடு ரப்பர் பேண்டு போட்டுக் கொடுத்துவிடுங்கள்.